அமைச்சர் அறியமாட்டார்

ஜூன் 10, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கொடியில் துணி இன்னும் ஈரம். பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். குளியலறைக்கு பல்ப்.

எம்.பி.யின் செயலாளர் போன். நான் எழுதிக் கொடுத்த கேள்வி வெள்ளிக்கிழமை பாராளுமன்றத்தில் வருகிறதாம். கொடுத்து மாதக்கணக்கு. எம்.பி. என் கணவரின் சிநேகிதர் மகன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இல்லாவிட்டால் இதுவும் இல்லை.

சமைக்க வரும் செல்வியிடம் சொன்னேன். அவள் பிள்ளைகளோடு இருப்பது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். பின்னால் மலைச்சரிவு வெடித்து நிற்கிறது. அதிகாரிகள் வந்தார்கள், ஆபத்து என்று சுவரில் சிவப்புக் குறி, மாற்றுக் காணி தருவதாக ஒரு வார்த்தை, போனார்கள். என் முன்னறைக்கு வா என்றால் கேட்கமாட்டாள். "நான் வந்துட்டா மத்த ஆளுக எங்க போவாங்க?"

இன்று முகம் மலர்ந்து, "பார்லிமென்டுல நம்ம லயத்துப் பேரச் சொல்லுவாங்களாம்மா?"

"சொல்லித்தான் ஆகணும்."

ஜூன் 13, வெள்ளி

மழை. காலை முழுவதும் டிவி முன்னால். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

தம்பி எழுந்து கேள்வி இலக்கத்தை மட்டும் சொன்னார். எதிரே அமைச்சருக்காக ஒருவர் எழுந்து, விடையைச் சபாபீடத்தில் வைக்கிறேன் என்றார். வாசிக்கவில்லை. மேலதிகக் கேள்வி கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு. கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சாம்மா? லயம்னே சொல்லலியே."

எனக்கு வெட்கம்.

பின்னேரம் செயலாளர் விடையைப் போனில் அனுப்பினார்.

(அ) லயத்தின் பின்னால் சரிவு வெடித்திருப்பதை அமைச்சர் அறிவாரா? இல்லை.
(ஆ) ஆமெனில், மாற்றுக் காணி எப்போது வழங்கப்படும்? எழாது.

அவ்வளவுதான்! அவர் அறியமாட்டார், ஆகவே காணிப் பேச்சே எழாது. சுவரில் குறி போட்டது யார், பேயா? நான் படித்த கொன்வென்டில் இப்படி ஒற்றைச் சொல்லில் எழுதினால் சிஸ்டர் கொப்பியை முகத்துக்கு நேரே திருப்பித் தருவார்.

அந்த 'ஆமெனில்' என்னுடையது அல்ல. யாரோ செருகியது. தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஆன்ட்டி, கேள்வியெல்லாம் அப்படித்தான் போடுறது. அது வழக்கம்."

"கள்ளன் ஓடுறதுக்கு வாசலையும் தொறந்து வச்சிட்டா கேள்வி கேட்டீங்க? நாளைக்குக் காலைல ஹந்தானைக்கு வாங்க. பழைய சப்பாத்து போட்டுக்கிட்டு வாங்க."

மாத்திரை மறந்துபோயிற்று.

ஜூன் 14, சனி

மூடுபனி. தம்பி வந்தார். புதுச் சப்பாத்து, வெள்ளைச் சட்டை.

லயத்தின் பின்னால் கூட்டிப் போனேன். முழங்கால் கெஞ்சியது, போகட்டும். வெடிப்பைக் காட்டி, "கைய உள்ள விடுங்க" என்றேன். தயங்கினார். விட்டார். முழங்கை வரை போயிற்று.

பார்த்து நின்ற பெண்களில் ஒருத்தி, "மெதுவாங்கய்யா, பாம்பு கிடக்கும். அதையும் மந்திரி அறியமாட்டாரு." ஒரே சிரிப்பு. தம்பியின் காது சிவந்தது.

செல்வி தண்ணீர் ஊற்றினாள். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆமெனில எடுத்துட்டு மறுபடி போடுறேன் ஆன்ட்டி. ஆனா முறை வர இன்னும் சில மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் நாங்க, ஐயா?" செல்விதான். குரலை உயர்த்தவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டைப் பற்றிக் கேட்டேன். மாடியில் எத்தனை அறை. அதில் எத்தனை காலி. இந்தக் குடும்பங்கள் என்றைக்கு வரலாம்.

சிரித்தார். "ஆன்ட்டிக்கு எப்பவும் பகிடிதான்."

பகிடி இல்லை என்றேன். செவ்வாய்க்கிழமைக்குள், எழுத்தில் பதில் வேண்டும் என்றேன்.