குடிக்காத தாய்மாமன்

தாயி பேச்சி,

உன் மகளுக்குக் காது குத்தியாச்சு. முதல்ல இதைச் சொல்லிர்றேன், இல்லேன்னா நான் சொல்றது எதுவும் உன் காதுல ஏறாது. ரெண்டு காதும் நல்லாருக்கு, சீழ் கீழ் பிடிக்கலை. ஒச்சம்மா தலையை ஆட்டி ஆட்டித் தோடு குலுங்குறதைக் கண்ணாடியில பாத்துச் சிரிக்கிறா. அப்படியே உன் சிரிப்பு.

நல்ல சேதி அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்ல வேண்டியது. நீ மஞ்சக்காமாலையில போய் வருசம் திரும்பிருச்சு. உயிரோட இருக்கிற யார்கிட்டயும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அண்ணன் பேசுறதைக் குறுக்க பேசாம கேட்ட ஒரே ஆளு நீதானே?

என் கால் சங்கதி உனக்குத் தெரியும். மதுரையில டாக்டர் சொன்னப்ப நீதான் பக்கத்துல நின்ன. மல்டிப்பிள்னு ஆரம்பிச்சு, நம்ம வாய்க்குள்ள நுழையாத ஒரு பேரைச் சொன்னாரு. ஒயருக்கு மேல ரப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டு, உனக்கு அது அங்கங்க உரிஞ்சு போச்சுன்னாரு. அடியோட குணமாக்க மருந்து கிடையாது, விறைப்பு தளர்ந்து நடமாட ஒரு மாத்திரை இருக்கு, அது பம்பாயில இருந்து வரணும்னாரு.

ஊருக்கு வர்ற பஸ்ஸுல அந்தப் பேரை ரெண்டு பேருமே மறந்துட்டோம். நரம்பு வியாதிங்கிறது மட்டும் மிச்சம். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கினா எதுத்த சுவத்துல என்ன எழுதியிருந்துச்சு, ஞாபகம் இருக்கா? நரம்புத் தளர்ச்சியா, வாலிபர்களே கவலை வேண்டாம்னு கொட்டை எழுத்துல போட்டு, லாட்ஜு பேரு, ரூம் நம்பரு, வைத்தியர் வர்ற கிழமை. நீ அதைப் பாத்த, என்னைப் பாத்த.

இந்த ஊர்ல ஆம்பளைக்கு நரம்புன்னா அது ஒண்ணுதான். வெளியில தெரிஞ்சா டீக்கடையில கிளாஸ் கழுவுறவன்கூடக் கண்ணடிப்பான். உன் மதினியைத் தண்ணிக் குழாயில பொம்பளைக பாவமாப் பாப்பாங்க. அதான் உன் மாமியார் வீட்டுல கேட்டப்ப, எங்கண்ணன் கொஞ்சம் ஊத்திக்கிரும், அதான் தள்ளாட்டம்னு அடிச்சுவிட்டுட்ட. என்கிட்ட வந்து சொல்லிட்டு அப்படிச் சிரிச்ச. குடிகாரனுக்குக்கூடப் பொண்ணு குடுப்பாங்கண்ணே, நரம்பு வியாதிக்காரனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டாங்கன்ன.

நீ சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. பட்டப்பகல்ல தள்ளாடினாலும், இன்னிக்குக் காலையிலேயே ஆரம்பிச்சுட்டாருய்யான்னு சிரிச்சுட்டுப் போயிருவாங்க. ஒரு சொட்டு தொடாம ஊர்லயே பெரிய குடிகாரன்னு பேர் வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

மாத்திரைக்கு வாரேன். டாக்டர் எழுதினபடி மாசம் பூரா வாங்கினா வீட்டுல உலை வைக்க முடியாது. தையக்கடை வருமானம் உனக்குத் தெரியாததா? அதுலயும் இப்ப என்னால மெஷின் மிதிக்க முடியலை. மிதின்னா கால் கட்டையாட்டம் கிடக்கும், வேணாங்கிறப்ப வெடவெடன்னு தானா மிதிக்கும். ஒரு நாள் யாரோட சட்டையோ, கையையும் காலரையும் சேத்துத் தைச்சிருச்சு. இப்ப உன் மதினி மிதிக்கிறா, நான் துணி வெட்டுறேன், பொத்தானுக்குக் காஜா எடுக்கிறேன்.

மதுரையில ஒரு மருந்துக் கடையிலதான் அந்த மாத்திரை கிடைக்கும். போய்க் கூட்டம் குறையட்டும்னு ஓரமா நிப்பேன். முழு அட்டை வேணாம், கொஞ்சமா நறுக்கிக் குடுங்கன்னு கேக்குறதுக்குள்ள வேர்த்து ஊத்திரும். கடைக்காரர் நல்ல மனுசன். அட்டையை நறுக்கிக்கிட்டே, நரம்புக்குத்தானே, வெக்கப்படாதீங்கண்ணே, இப்ப நெறைய பேரு வர்றாங்கன்னு மெதுவாச் சொல்லுவாரு. அவரு எந்த நரம்பைச் சொல்றாருன்னு எனக்குத் தெரியும். இல்லீங்கன்னு சொல்ல வாயெடுப்பேன், அப்புறம் மாத்திரையை வாங்கிக்கிட்டு வந்துருவேன்.

வீட்டுல வச்சு ஒவ்வொரு மாத்திரையையும் கத்தரியால ரெண்டாக்குவேன். கை இறுகுனா நாலாக்குவேன். வெளியில போற நாள்ல மட்டும் போடுறது, மத்த நாள்ல சுவத்தைத் தடவிக்கிட்டே நடக்கிறது. கம்பு ஊன்ற வெக்கம், அதனால குடை. மழை எட்டிப் பாக்காத ஊர்ல வருசம் பூரா குடையோட அலையுறேன். விட்டு விட்டுப் போட்டா உள்ளதும் கெட்டுரும்னு டாக்டர் திட்டினாரு. அவரு சொல்றது நியாயந்தான், வாங்குறதுக்கு வழி சொல்லலையே.

இந்த நெலமையிலதான் உன் வீட்டுக்காரன் தவசி வந்து, குலசாமி கோயில்ல பிள்ளைக்குக் காது குத்துறோம், மடி குடுக்க வந்துருங்க மச்சான்னான். தாய்மாமன் மடியிலதானே உக்கார வச்சுக் குத்தணும். ஆசாரி ஊசியைக் காதுகிட்டக் கொண்டு வர்ற நேரம் என் கால் துள்ளுச்சுன்னா? இல்லை, என்னால முடியாதுன்னு சொன்னா, தாயில்லாப் பிள்ளைக்குத் தாய்மாமனும் இல்லைன்னு ஆயிராதா?

அதனால மாத்திரை போடாம, வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடந்து சேத்து வச்சேன். விசேசத்தன்னிக்குக் காலையில எல்லாத்தையும் ஒண்ணா வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். கூடப் போட்டா கூட நேரம் நிக்கும்னு ஒரு கணக்கு. கூறுகெட்ட கணக்கு.

கால் துள்ளலை. துள்ளுறதுக்குக் காலே இல்லாத மாதிரி துவண்டு போச்சு. கண்ணு சொருகுது, நாக்கு தடிக்குது. சீர்த்தட்டுக்கு முன்னால நெஞ்சை நிமித்தி நடக்க வேண்டியவனை உன் மதினி தோள்ல சாத்தி இழுத்துக்கிட்டு வந்தா. மேளக்காரங்க அடிக்கிறதை நிறுத்திட்டுப் பாத்தாங்க.

உன் மாமியார் எதுத்து வந்தாங்க. செத்துப் போன மகராசிக்கு இன்னிக்கு ஒரு நாளாவது மரியாதை குடுக்கக் கூடாதா, சாமி சன்னிதிக்குமா குடிச்சுட்டு வரணும்னு கேட்டாங்க. இந்த மடியில என் பேத்தி உக்கார மாட்டா, சித்தப்பன் மடியில வச்சுக் குத்திக்கிறோம்னாங்க. குடிகாரன் தங்கச்சி, குடிகாரன் தங்கச்சின்னு அவளைத் தினம் ஏசினேனே, இவனாலதானேன்னு அழுதாங்க.

எனக்கு அது தெரியாது, பேச்சி. நீ ஒரு வார்த்தை சொல்லலையே. நீ விளையாட்டாச் சொன்ன பொய்னுல்ல நெனச்சேன். என் மானத்தைக் காப்பாத்த உன் மானத்தைக் குடுத்துக்கிட்டு இருந்திருக்க.

நான் குடிக்கலைன்னு சொன்னேன். நாக்கு குழறினதுல அதுவும் குடிகாரன் சொல்ற மாதிரியே இருந்துச்சு. ஊதச் சொல்லுங்கன்னு யாரோ குரல் குடுத்தாங்க. ஊதினேன். அம்புட்டு சனத்துக்கு முன்னால, தங்கச்சி புருசன் மூஞ்சிக்கு நேரா வாயைத் திறந்து ஊதினேன். நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

தவசி மோந்து பாத்துட்டு, மச்சான் குடிக்கலைன்னான். அப்ப ஒடம்புக்கு என்னன்னு கேட்டான்.

"நரம்பு வியாதி மாப்ள"ன்னேன். "உன் பொண்டாட்டி என் மானத்துக்காகப் பொய் சொன்னா. நான் ஒரு நாளும் தொட்டதில்லை."

பின்னால இளவட்டம் ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். அவனைத் தொட்டு இன்னும் ரெண்டு மூணு பேரு. உன் மதினி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. இதுக்குப் பயந்துதானே நீ அந்தப் பொய்யைச் சொன்ன?

தவசி என்னைக் கைத்தாங்கலா உக்கார வச்சான். எனக்குப் பின்னாலயே அவனும் காலை அகட்டி உக்காந்து, என் முதுகை அவன் நெஞ்சுல சாத்திக்கிட்டான். தோள் துண்டை எடுத்து என் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேத்துக் கட்டினான். சரியிற என் முழங்கால் ரெண்டையும் கையால ஒண்ணாச் சேத்துப் பிடிச்சான். உங்க கல்யாணத்துல மாப்ளைன்னு நான் கழுவிவிட்ட காலுக்கு நடுவுல, பச்சைப் பிள்ளையாட்டம் நான் உக்காந்திருந்தேன்.

"பிள்ளையைக் கொண்டாங்கம்மா"ன்னான். "மடி மச்சானோடது. மச்சானைத் தாங்க நான் இருக்கேன்."

உன் மாமியாரே தூக்கிட்டு வந்து ஒச்சம்மாளை என் மடியில வச்சாங்க. ஊசி ஏறினப்ப அலறிட்டா. பெத்த அப்பன் பின்னாலயேதான் இருந்தான், ஆனா அவ என் சட்டையைத்தான் இறுக்கிப் பிடிச்சா. பொத்தான் ஒண்ணு தெறிச்சுருச்சு. அதை நான் இன்னும் தைக்கலை.

வெக்கம் போயிருச்சுன்னு உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். இப்ப ஊர் பூரா தெரியும். கடைக்கு அளவு குடுக்க வர்ற மாதிரி வந்து, அந்த மாத்திரை எந்தக் கடையிலண்ணேன்னு காதுக்குள்ள கேக்குறாங்க. சிரிச்சவன்கூட வந்தான். உன் மாமியார் தூக்குவாளியில ஆட்டுக்கால் சூப்பு குடுத்துவிடுறாங்க. குடிச்சா எனக்கு நரம்பு சரியாகாது, அவங்களுக்கு மனசு ஆறுது. உன் பொய்யை நான் உடைச்சதுல உனக்குக் கோவமா, பேச்சி?

மாத்திரை இன்னமும் எட்டாக்கனிதான். டாக்டர்கிட்டப் போய் உள்ளதைச் சொல்லி நின்னேன். திட்டலை. வாங்க முடிஞ்ச அளவைச் சொல்லு, அதையே தினமும் தப்பாம போடுறதுக்கு எழுதித் தர்றேன்னாரு. கால் பழையபடி ஆகாது, இருக்கிற நடையாவது இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்னாரு. இதை முன்னமே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

குடையை விட்டுட்டேன். கம்பு வாங்கிட்டேன். ஒச்சம்மா பெரிய மனுசியாகி சடங்கு வைக்கிறன்னிக்கு சீர்த்தட்டோட வாரேன், நடக்க முடிஞ்சா நடந்து, முடியலைன்னா வண்டியில உக்காந்து. என்னன்னு கேக்குறவங்ககிட்ட நரம்புன்னு சொல்லுவேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அந்தச் சபையில எவனாவது உன்னைக் குடிகாரன் தங்கச்சின்னு சொன்னா, அவன் மூஞ்சிக்கு நேராவும் ஊதிக் காட்டுவேன்.

உன் மகளுக்கு மடி குடுத்த தாய்மாமன்,
உன் அண்ணன் முத்து