அக்கா கேட்ட சின்ன வீடு

மாமா,

பக்கத்து மண்டபத்தில் இன்று ஒரு கல்யாணம். காலையிலிருந்து அண்டா வைத்து பிரியாணி செய்கிறார்கள். எண்ணெயில் கிராம்பு பொரியும் வாசனை சன்னல் வழியாக வந்தபோது எனக்குப் பசிக்கவில்லை. உங்கள் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தோனேசியாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் நீங்கள் கூடத்தில் வைத்துத் திறக்கும் பெட்டியில் சட்டை, துண்டு, பைபிள் எல்லாமே கிராம்பு மணக்கும். அங்கே கிராம்பு கலந்த சிகரெட்டைத்தான் பிடிப்பார்கள், பஸ்ஸில்கூடப் பிடிப்பதை நிறுத்தமாட்டார்கள் என்பீர்கள். அக்கா ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்து, "இன்னா, மளிகைக் கடையில வேல பாத்துட்டு வர்றீங்களா?" என்பாள். அதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே முகர்ந்த காலம்.

உங்கள் மனைவியின் தம்பி என்பதைத் தவிர உங்களிடம் எனக்கு வேறு எந்தத் தகுதியும் இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உங்களைக் கேலி செய்யாத நாளே கிடையாது. டேனரியில் தோலுக்கு நிறம் கொடுத்துப் பளபளப்பாக்கும் வேலையில் ஆம்பூரில் உங்களுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்கு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஜாவாத் தீவில், மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு டேனரிக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னீர்கள்: "ஆம்பூர் நாத்தத்த வுட்டுட்டு வந்தா இங்கயும் அதே நாத்தம்தான்டா. ஆனா குளுரோட நாறுது."

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் நாம் மூன்று பேரும் ஏலகிரிக்குப் போனோமே, அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஆம்பூர் வெயிலில் பகலில் கண்ணை மூட முடியாமல் புரண்டுகொண்டிருப்பாள். ஏலகிரியில் ஒரு மரத்தடியில் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. கட்டி வந்த புளிசாதத்தை நாம் இரண்டு பேரே தின்று தீர்த்தோம். கடைசி பஸ்ஸுக்கு எழுப்பியபோது உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு நகையும் வேணாம் நட்டும் வேணாம். இந்த மாதிரி குளுர்ல ஒரு சின்ன வீடு இருந்தா போதும், தூங்கிக்கினே இருப்பேன்" என்றாள்.

நான் விடுவேனா? "மாமா, நல்லா கேட்டுக்குங்க. பொண்டாட்டியே சின்ன வீடு வேணும்னு கேக்குறா. எவனுக்குக் கெடைக்கும் இந்த யோகம்?" என்றேன். நீங்கள் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அக்கா கைப்பையால் என் முதுகில் அடித்தாள். மலை இறங்குகிற வரைக்கும், வளைவுக்கு வளைவு, அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நீங்கள் கடல் தாண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியவில்லை.

சில வருடம் கழித்து, அந்த நாட்டுப் பணம் படுத்துவிட்ட சமயம், டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த உங்களுக்கு வீடு எட்டுகிற விலைக்கு வந்தது. ஆபீசுக்குப் போன் செய்தீர்கள். வீட்டில் போன் இல்லாததால் எல்லாச் செய்தியும் என் மேசை வழியாகத்தான் அக்காவுக்குப் போகும். சொன்னது இதுதான்: "டேய், ஒரு சின்ன வீடு வாங்கிட்டேன்டா. எஸ்தர் ஏலகிரியில கேட்டாளே, அதே மாதிரி. இன்னும் மேல, மலை மேல ஒரு கிராமம். அவகிட்ட சொல்லு, காண்ட்ராக்ட்ட நீட்டிட்டாங்க, கூட்டிகினு வந்துடறேன்னு." உங்கள் குரலே இரண்டு முறை எதிரொலித்தது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு நான் திரும்பினேன். ஆபீசே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு போன் வந்தால் அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது. "எங்க மாமா இந்தோனேசியாவுல சின்ன வீடு செட் பண்ணிட்டாராம்பா" என்றேன். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஏலகிரியை நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு பாதியாகிவிடும். உங்கள் வாக்கியத்தில் பாதியைத்தான் வெளியே விட்டேன் மாமா, மிச்சப் பாதியை அக்காவுக்கு என்று வைத்துக்கொண்டேன். அன்று அவளுக்கு டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பேக்கிங் செக்ஷனில் இருந்த ஒருவரின் மனைவி நம்முடைய சர்ச்சில்தான் பெண்கள் ஜெபக் கூட்டம் நடத்துகிறார் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர்கள் யாரும் அதை வம்பாகப் பேசவில்லை. அதுதான் கொடுமை. உங்கள் வீடு அவர்கள் கூடி ஜெபிக்க வேண்டிய ஜெபக் குறிப்பாகிவிட்டது. உங்களுக்குக் குழந்தை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே என் ஜோக்குக்கு ஒரு காரணத்தை ஊரே சேர்த்துக்கொண்டது. சனிக்கிழமை கூட்டத்தில் அக்காவை நடுவில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, "இந்தச் சகோதரியின் பாரத்தை நீக்கும் ஆண்டவரே" என்று அழுதிருக்கிறார்கள். என்ன பாரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆமென் சொன்ன பிறகுதான் ஒரு அம்மா சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாடா சொன்ன ஆபீஸ்ல?"

"தமாசுக்கா. நெசமாவே வீடுதான் வாங்கியிருக்காரு. செங்கல் வீடு. நீ ஏலகிரியில கேட்டியே, அதுக்காக."

"இத இப்ப யோசிச்சிகினு வந்தியா?"

"சத்தியமாக்கா. போன்ல அவருதான் சொன்னாரு."

"நீ அவரு வாங்கிக் குடுத்த வேலையில இருக்கறவன். வேற இன்னா சொல்லுவ?"

அன்று முழுக்க நான் பேசினேன். பேசப் பேச உண்மை பொய் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பரவாயில்லை மாமா, தன் வாயால் தானே கெட்டது. என் வாயால் கெட்டது நீங்கள்.

லீவில் வந்தீர்கள். பெட்டி திறக்கப்படவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "வீடு யார் பேர்ல இருக்குது?" பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். "வெளிநாட்டுக்காரன் பேர்ல அங்க எழுத மாட்டாங்க எஸ்தர். எங்களுக்குச் சமைக்கிற அம்மா பேர்ல வெச்சிருக்கேன். வயசானவங்க" என்றீர்கள். "பொம்பள பேர்லயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். "ஒரு தடவ வந்து பாரும்மா" என்று நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டீர்கள். "வந்து யார் கால்ல வுழணும்?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மறுநாள் உங்களோடு தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்புக்கொண்டேன். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். "உன் வாய் உனக்கு முன்னாடியே போயி நிக்குதுடா" என்றீர்கள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டீர்கள். வீட்டை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டேன் என்று சொன்னதை அக்கா காதில் வாங்கிய மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பையன் சூப்பர்வைசராக இருந்த டேனரியில் அவனுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தீர்கள். பஜாரில் யாராவது, "இன்னா சார், இந்தோனேசியா எப்போ?" என்று கண்ணடித்தால் சிரித்துவிட்டு நடப்பீர்கள். நான் கூட இருந்தால் எனக்காகவும் சேர்த்துச் சிரிப்பீர்கள். வீட்டில் அக்கா உங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் வார்டில் நோயாளியிடம் பேசுவதுபோல, தேவைக்கு. ஒரு மழைக்காலத்தில் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டோம். அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கல் நெஞ்சக்காரி" என்று பெண்கள் முணுமுணுத்ததை நான் கேட்டேன். அவர்கள் யாரென்று பார்த்தேன். கண்ணை மூடி அவளுக்காக அழுதார்களே, அதே பெண்கள்.

போன வருடம் கம்பெனி என்னை ஜாவாவுக்கு அனுப்பியது, தோல் மாதிரிகளைப் பார்த்து வர. ஒரு விடுமுறை நாளில், இங்கிலீஷ் பேசத் தெரிந்த டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்கள் இருந்த ஊருக்குப் போனேன். டேனரி வாசலில் உங்களைப் பற்றி விசாரித்தால் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர் என்று டிரைவர் சொன்னதும், "பாக் இந்தியா" என்று ஒரு கிழவர் தலையாட்டினார். இந்தியா ஐயா! அவர் கையைக் காட்டிய திசையில் மலை ஏறினோம். முட்டைக்கோஸ் வயல், கேரட் வயல், அதற்கு மேலே தேயிலை. தூரத்தில் ஒரு மலை உச்சியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இன்னும் மேலே போனதும், பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் விளக்கைப் போட்டு ஓட்டுகிற அளவுக்குப் பனி. அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் அக்கா தூங்கிய தூக்கம்தான் எனக்கு நினைவில் வந்தது.

வழியில் ஒரு பெண்ணிடம் டிரைவர் ஏதோ கேட்டார். அவள் பதிலில் ஒரு சொல் என் காதில் விழுந்தது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ரூமா ஈபு எஸ்தர் அந்தத் திருப்பத்தில் இருக்கிறதாம்" என்றார் டிரைவர். ரூமா என்றால் வீடு. ஈபு என்றால் அம்மா. எஸ்தரம்மா வீடு. உங்கள் பெயர் தெரியாத ஊருக்கு அக்காவின் பெயர் தெரிந்திருந்தது.

சின்ன வீடுதான். ஓட்டுக்கூரை, முன்னால் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. உங்களுக்குச் சமைத்துப் போட்ட அந்த அம்மா இப்போது மகள் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். நான் யாரென்று டிரைவர் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவில்லை மாமா. என்னைத் தாண்டி, காரின் பின்கதவைப் பார்த்தார். கதவு திறக்கும் என்று காத்திருந்தார். பிறகு டிரைவரிடம் மெதுவாக ஏதோ கேட்டார், அதில் அக்காவின் பெயர் இருந்தது. அதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். படுக்கையறையை வீட்டின் பின்பக்கம், காலை வெயில் விழாத இடமாகப் பார்த்து நீங்கள் தடுத்திருந்தீர்கள். பகலில் தூங்குகிறவளுக்கு வெளிச்சம் ஆகாது என்று சொன்னீர்களாம். இப்போது அதில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். அந்த அம்மா தலைத்துணியின் நுனியை வாயில் வைத்து அழுதார். உங்களுக்காக ஒரு பெண் அழுவதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் தவித்தேன். சொல்லாவிட்டால் அவள் மனதில் நீங்கள் கடைசி வரை துரோகி. இந்த முறையாவது முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும் என்று போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போன், ஏலகிரி, நான் விழுங்கிய பாதி, ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், வெயில் விழாத அறை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை நம்பிவிட்டாள். அவள் கை முறத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"இத ஏன்டா இப்ப வந்து சொன்ன?"

"உனக்குத் தெரியணும்க்கா."

"கோவம் ஒண்ணுதான்டா என்ன இத்தினி வருசம் நிக்க வெச்சிகினு இருந்துது. அவரு போனப்போகூட அதப் புடிச்சிகினுதான் நின்னேன். அதையும் நீயே புடுங்கிட்ட."

அப்புறம் அழ ஆரம்பித்தாள். மாரில் அடித்துக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் அழ வேண்டியதை எல்லாம். நான் செய்த முதல் தப்பு உங்களைக் கெடுத்தது. அதைச் சரிசெய்யப் போய் அவளைக் கெடுத்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை மாமா. உண்மைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதைத் தள்ளிப் போட்டவன் நான்.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மா, அழுகை கேட்டுப் பதறி இறங்கி வந்தார்.

"தம்பி, யாருனா தவறிட்டாங்களா?"

"ஆமாங்க. எங்க மாமா."

"அய்யோ பாவம். எப்போ?"

நீங்கள் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, உள்ளே அக்கா அன்றுதான் அழுதுகொண்டிருந்தாள். இன்றைக்கு வரை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, மாமா.