நம் கல்யாணப் பக்கத்தில் எக்சில்டா

முப்பாட்டன்மாரைத் தேடி கியூபெக் நகரத்துக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வம்சாவளிப் பட்டியலுக்காக நம் கல்யாணப் பதிவை நகலெடுக்க மாதா கோவிலுக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட அன்று வெட்கத்தில் நான் அதைப் படிக்கவில்லை. என் பெயருக்குக் கீழே என் அப்பா, அம்மா பெயர்கள் இருந்தன. உங்கள் பெயருக்குக் கீழே, ‘காலஞ்சென்ற எக்சில்டா கரோனின் கணவர்.’ அவளேதான், உங்கள் முதல் மனைவி.

“என்ன சாமி இது? கல்யாணம் எனக்கா, அவளுக்கா?” என்றேன்.

“கோவிச்சுக்காதம்மா. மறுகல்யாணம் பண்றவங்களுக்குப் பெத்தவங்க பேரைப் போட மாட்டோம். செத்துப்போன சம்சாரம் பேரைத்தான் போடுவோம். அதான் வழக்கம்,” என்றார் பாதிரியார்.

பன்னிரண்டு வருஷமாக அவள் வாங்கிய தட்டில் சாப்பிடுகிறேன். அவள் நட்ட ஆப்பிள் மரத்துக்கு உரம் போடுகிறேன். ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? என் கல்யாணப் பக்கத்திலுமா வந்து உட்கார வேண்டும்?

விதவைக்கும் அதே வழக்கம்தானாம், கேட்டுக்கொண்டேன். அதனால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டால் என் அடுத்த கல்யாணப் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, புது மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கிடப்பீர்கள்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் மனைவி