காற்று கசியும் இடம்

அண்ணே,

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது, உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓரமாக வந்து நின்றது. இன்ஜினை அணைத்ததும் வண்டிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று போனது. மற்றவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். என் கால் மட்டும் நின்றுவிட்டது. தலையைச் சாய்த்து, சத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, யாரைத் தேடுறீக?" என்றார். "யாரையுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்களைத்தான் தேடினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த ஒருவர் உங்கள் ஊர் உத்தரகோசமங்கைப் பக்கம் என்றதும் வழக்கம்போல உங்களை விசாரித்தேன். "அவரு தவறி ஒரு மாசத்துக்கு மேலாச்சே தாயி" என்றார். போட்ட கட்டைத் தப்பாகச் சுற்றியிருந்தேன். அவிழ்த்து மறுபடி கட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொண்டேன். கோயில் கும்பிடுகிற ஆளுக்கு மாதா கோயிலில் வேண்டுதலா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரித்தால் சிரியுங்கள்.

நம் வண்டியை நினைத்துப் பார்க்கிறேன். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து, தர்ம டிரஸ்ட் ஒன்று நடமாடும் வைத்தியசாலையாக மாற்றியிருந்தது. பின்பக்கம் முழுசும் ஒரு வீடு. டாக்டரம்மாவுக்கும் நர்சாக வந்த எனக்கும் எதிரெதிரே இரண்டு படுக்கைப் பலகை, மருந்து அலமாரி, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம். வண்டி ஓட்டும் நீங்கள் வெளியே கயிற்றுக் கட்டிலில் படுப்பீர்கள். மழை வந்தால் முன் சீட்டு. தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் கடலோரமாகவே போவோம். வாரக்கணக்கில் அதுதான் நமக்கு வீடு வாசல். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் அந்தக் குப்பங்களுக்கு வேறு டாக்டர் யாரும் வந்திருக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு உங்கள் மேல் ஒரு மனக்குறை இருந்தது. பின்னாலிருந்து எதைக் கேட்டாலும் நீங்கள் பதில் சொல்வதில்லை. நேருக்கு நேர் வந்து சொன்னால் "ஆகட்டும்மா" என்பதோடு சரி. "பட்டாளத்துல பர்மா வரைக்கும் போய் வந்தவராம், அதான் தலைக்கனம்" என்பார் அந்த அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்டியில் அந்தக் காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி நிறைந்திருந்த காற்று விடிவதற்குள் காலியாகிவிடுவது சில நாளாகவே நடந்துகொண்டிருந்தது. அந்த வண்டிக்குக் காற்றுத்தான் உயிர். இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து சுற்றும் கம்ப்ரசர் காற்றை அமுக்கி, அடியில் தொங்கும் நீள இரும்பு டேங்கில் நிரப்பும். பிரேக்கை மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியே ஓடி நாலு சக்கரத்தையும் பிடிக்கும். ஹாரனுக்கும் அதே காற்று, டயருக்கு அடைப்பதற்கும் அதே காற்று. எவ்வளவு இருக்கிறதென்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு முள் காட்டும். முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏறாமல் நீங்கள் வண்டியை நகர்த்தியதே இல்லை.

அன்று நான் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சிரட்டையில் கரைத்த சோப்புத் தண்ணீரை டேங்க் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கசிகிற இடத்தில் நுரை குமிழியிடும். குமிழி எங்கும் காணவில்லை. ஆனால் எனக்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது. முன் சக்கரத்துக்கு மேலே, ஹாரன் குழாய்ப் பக்கம், பாம்பு சீறுவது மாதிரி.

"அண்ணே, அங்கன முன்னாலதான் சீறுது" என்றேன். நீங்கள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னேன். அப்போதும் சோப்பைத்தான் தடவிக்கொண்டிருந்தீர்கள். குனிந்து உங்கள் காலைத் தட்டி, கையைக் காட்டினேன். எழுந்து போய் அந்த மூட்டில் சோப்பை வைத்தீர்கள். நுரை பொங்கி வழிந்தது. மூட்டை முறுக்கி நிறுத்திவிட்டு, என் முகத்தை நீங்கள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிடிபட்ட ஆளின் பார்வை அது.

"காது கேக்காதாண்ணே?"

"வலது காது பர்மாவுலயே போச்சு தங்கச்சி. குண்டு விழுந்துச்சு. இடதும் இப்பக் கொஞ்சங் கொஞ்சமாப் போய்க்கிட்டிருக்கு." பிறகு குரலை அடக்கத் தெரியாமல் கொஞ்சம் உரக்கவே சொன்னீர்கள்: "வண்டியைத் தவிர எனக்கு வேற தெரியாது. மழையத்த மண்ணு எங்கூரு. திரும்பிப் போயி என்னத்தை உழ?"

உங்கள் மேல் இரக்கம் ஒரு பக்கம். பின்னால் படுத்து வருகிற நோயாளிகளின் உயிர் இன்னொரு பக்கம். காபி ஆறிப்போகும்வரை நின்றேன். அப்புறம், "நான் முன்னால உக்காந்து வாரேன். ரோட்டுச் சத்தத்தை நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு கன்னிப்பெண் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் ஊர் என்ன பேசும் என்று அவர் தயங்கினார். பேசத்தான் செய்தது. எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் என் அம்மா காதுவரைக்கும் போனது. அம்மா கேட்டபோது, "அவுக என் அண்ணன்மா" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நமக்குள் ஒரு பேச்சு உண்டாயிற்று. பின்னால் வண்டி ஹாரன் அடித்தால் உங்கள் முழங்கையில் ஒரு தட்டு. டாக்டரம்மா கூப்பிட்டால் இரண்டு. ஆபத்து என்றால் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சும்மா போகும் நேரத்தில் வண்டியின் சீக்குகளைச் சொல்வீர்கள், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் படுக்கை படுக்கையாகச் சொல்லிக்கொண்டு போவது மாதிரி. பிரேக்கில் கால் வைக்காதபோதே சீறினால் டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். கால் வைத்தால் மட்டும் சீறினால் கோளாறு சக்கரத்துப் பக்கம். சீறலே இல்லாமல் முள் ஏற மட்டும் நேரமானால் கம்ப்ரசரின் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் காற்றை இழுக்கும் வாயில் மணல் அடைத்திருக்கும். காலையில் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பீர்கள். கடற்காற்றின் ஈரம் உள்ளே போய்த் தண்ணீராக நிற்குமாம். விட்டால் இரும்பைத் தின்றுவிடுமாம். துருவேறிய அந்தத் தண்ணீரை விரலில் தொட்டுக் காட்டி, "பாரு, நேத்து நாம வந்த கடலு" என்றீர்கள் ஒரு நாள்.

சக்கரத்துப் பக்கம்தான் உங்களுக்குக் கவலை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தகர டப்பா மாதிரி ஒன்று. அதற்குள் ரப்பர்த் தகடு. காற்று ரப்பரைத் தள்ளும், ரப்பர் பிரேக்கைத் தள்ளும். உப்புக் காற்றில் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தது. புதுசுக்கு மதுரையில் சொல்லி வைத்திருந்தீர்கள். வந்தபாடில்லை.

உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு குப்பத்தில் நாம் இருந்தபோது, தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டது. பிள்ளை திரும்பிக் கிடந்தது. ராமநாதபுரம் கொண்டுபோய்விட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அவளைப் பலகையில் படுக்கவைத்து, அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நல்ல வெயில். ரோடு போடாத மணல் பாதை முடிந்து, தார் ரோட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். கேட்டும் கிடையாது, காவல் ஆளும் கிடையாது. இரண்டு பக்கமும் பனங்கூட்டம் மறைத்து நிற்கும். காதால் கேட்டுத்தான் கடக்க வேண்டும்.

பின்னால் அவள் அலறிக்கொண்டிருந்தாள். அந்த அலறலுக்கு நடுவே ரயில் ஊதுவது எனக்குக் கேட்டது. மிகக் கிட்டத்தில். உங்கள் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

ஏனென்று பார்க்காமலே ஓங்கி மிதித்தீர்கள். மிதித்த மிதியில் இடது பின்சக்கரத்தில் டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் பெரிய சீறல். ரப்பர் கிழிந்துவிட்டது. முள் மளமளவென்று இறங்கியது. வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நீங்கள் கியரைத் தட்டி இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து உடைமரக் காட்டு மணலுக்குள் விட்டீர்கள். சக்கரம் மணலில் புதைந்து வண்டி நின்றது. முன்னால் பனைகளுக்கு இடையில் ராமேசுவரம் போகிற ரயில் தடதடத்துப் போனது. ஜன்னலோரம் யாத்திரைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"ஏன் இப்படி ஓட்டுறீங்க?" என்று டாக்டரம்மா பின்னாலிருந்து கத்தினார். உடனே, "நர்ஸ், ஓடி வா! பிள்ளை இங்கேயே வரப்போகுது" என்றார்.

நான் பின்னால் ஓடினேன். நீங்கள் வண்டிக்கு அடியில் போனீர்கள். உள்ளே அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான். பலகைக்குக் கீழே நீங்கள் குழாயை அறுக்கும் சத்தம். அந்தச் சக்கரத்துக்குப் போகும் செம்புக் குழாயை அறுத்து, நுனியை மடக்கி, மறுபடி மடக்கிச் சுத்தியால் அடித்து அடைத்தீர்கள். மற்ற மூன்று சக்கரம் போதும், மெதுவாகப் போகலாம் என்று உங்கள் கணக்கு. பிறகு இன்ஜினைப் போட்டு முள் ஏறக் காத்திருந்தீர்கள். இங்கே டாக்டரம்மா கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் காலைத் தேடிக்கொண்டிருந்தார். "பொறுத்துக்கத்தா, பொறுத்துக்க" என்று மாமியார் அழுதாள். நீங்கள் பிரேக்கை மிதித்ததை நான் உணர்ந்தேன். காதைத் தீட்டிக் கேட்டேன். சீறல் இல்லை. நீங்கள் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: காற்று நிற்கிறது.

பிள்ளை கால் முதலாக வந்தது. நீலமாக இருந்தது. டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்து முதுகைத் தட்டினார், வாயைத் துடைத்தார், ஊதினார். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. அப்புறம் அழுதது.

துணியைப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தேன். நீங்கள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தீர்கள். அழுகை உங்களுக்கு எட்டவேயில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, பிள்ளையை நீட்டி, உங்கள் உள்ளங்கையை அதன் நெஞ்சில் வைத்தேன். அது அழ அழ, நெஞ்சுக்கூடு உங்கள் கைக்குள் அதிர்ந்தது. "அழுகுதா?" என்றீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வண்டி சரியாகிவிட்டது. யாரும் உங்களை எதுவும் கேட்கவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கலாம். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் வந்து நின்றீர்கள்.

"அம்மா, எனக்குக் காது கேக்காது. ரயில் வந்தது எனக்குத் தெரியாது. தங்கச்சி கையைப் புடிக்கலைன்னா இந்தப் புள்ளை பொறந்திருக்காது. இனி நான் ஓட்டப்படாது." சாவியை நீட்டினீர்கள்.

டாக்டரம்மா உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாளாகத் தலைக்கனம் என்று தான் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாவியை வாங்கவில்லை. உங்கள் எதிரே வந்து நின்று சொன்னார்:

"இன்னைக்கு நீங்கதான் ஓட்டணும். தாய்க்கு ரத்தம் போகுது. நர்ஸ் முன்னால உட்காரட்டும். நாளைக்கு விஷயத்தை நாளைக்குப் பார்ப்போம்."

மணலைத் தோண்டி, சக்கரத்துக்குப் பனை மட்டை கொடுத்து வண்டியை வெளியே எடுத்தீர்கள். தண்டவாளத்துக்கு முன்னால் நான் இறங்கி நின்று கேட்டு, கையசைத்த பிறகுதான் கடந்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். டாக்டரம்மா உங்களை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். நம் வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். டாக்டரம்மா யார் யாரிடமோ பேசி, ராமநாதபுரத்தில் ஒரு பஸ் ஷெட்டில் உங்களை வண்டி ரிப்பேர் பார்க்கும் பிட்டராகச் சேர்த்துவிட்டார். வண்டியை விட்டு இறங்கிய அன்று டேங்கைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

அதன்பின் வாழ்க்கை ஆளுக்கொரு பக்கமாக ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. கல்யாணத்துக்கு அண்ணன் முறைக்குப் பட்டுச் சேலை கொண்டு வந்தீர்கள். என் அம்மாதான் முதல் ஆளாக உங்களுக்கு இலை போட்டாள். நீங்கள் கடைசியாக இங்கே வந்தது நெஞ்சுச் சளிக்கு. அதற்குள் இடது காதும் முழுசாகப் போய்விட்டிருந்தது. வார்டில் எல்லோரும் உங்களிடம் கத்தினார்கள். நானும் கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கத்துனா மூஞ்சி கோணிப்போகுது தங்கச்சி, வாய் புரிய மாட்டேங்குது. வெளிச்சத்துல உக்காந்து மெல்லப் பேசு." அப்படியே செய்தேன். அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்?

போன வாரம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து போட்டார்கள். கேட்டதற்குப் பதில் இல்லை, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டு அழைத்து வந்தவர்களும் போய்விட்டார்கள். வார்டிலும் அப்படித்தான் நம்பினார்கள். நான் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அவருக்கு நேரே உட்கார்ந்தேன். என் முகத்தில் வெயில் விழும்படி பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டேன்:

"அய்யா, எங்கன வலிக்குது?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்து, "இங்கனதான் ஆத்தா" என்றார்.