உப்புக் கப்பல் மூன்றாம் பாகம் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
மா. உண்ணாமலை (வயது 47),
க/பெ. மாதையன்,
சத்துணவு சமையல் உதவியாளர்,
4/61, கிழக்குத் தெரு, வெள்ளரிக்காட்டூர்,
ஓமலூர் வழி, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
வட்டார நூலக மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
வெள்ளரிக்காட்டூர் வட்டாரம்.

பொருள்: எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து நீக்கப்பட்டு மூட்டை கட்டப்பட்டுள்ள 210 கதைப் புத்தகங்களைப் பழைய தாள் வண்டியில் ஏற்றாமல் நிறுத்தக் கோருதல் - குறிப்பாக 'உப்புக் கப்பல்' மூன்றாம் பாகத்தை - தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 21.07.2025 (பதில் இல்லை).
2. எனது மனு, நாள் 25.08.2025 (கையொப்பக் குறை என்று திருப்பப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முதல் மனு கொடுத்தபோது தங்கள் நாற்காலியில் ஒரு ஐயா இருந்தார். இரண்டாவது மனுவின்போது ஒரு அம்மா இருந்தார். இப்போது யார் என்று வாசலில் இருந்தவருக்கே தெரியவில்லை. அதனால் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வரும் 15ஆம் தேதி வண்டி வருகிறது என்று நூலகத்தில் சொல்கிறார்கள். ஆகவே சொல்கிறேன்.

1. என் கணவர் மாதையன் இருபத்தாறு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். இந்தியாவில் அவர் சரக்கு இறக்காத மாநிலம் இரண்டோ மூன்றோதான். மூன்று வருடங்களுக்கு முன்பு, லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து தரையில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முதல் ஐந்து மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், திரும்பு என்றால் திரும்புவார். அவ்வளவுதான். டி.வி. போட்டால் அதில் ஏதாவது ஒரு பாலம் வரும், "இதுல எத்தன தடவ போயிருப்பேன்" என்பார், உடனே அணைக்கச் சொல்வார். நூலகத்திலிருந்து ஒரு குடும்ப நாவல் எடுத்து வந்து படித்துக் காட்டினேன். பத்துப் பக்கம் கேட்டுவிட்டு, "இதெல்லா நம்மூட்டுலயே நடக்குது புள்ள, இதுக்கெதுக்குப் புஸ்தகம்?" என்றார். அதுவும் சரிதான் என்று மூடி வைத்துவிட்டேன்.

2. ஓமலூர் ரோட்டில் பழைய டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் கடை வைத்திருந்தவர் ஹபீப் பாய். டயர் வேலை முடியும்வரை டிரைவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு மர அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். எல்லாமே விண்வெளி, மந்திரம், பூதம், இனி வரப்போகும் காலம். இருபத்தாறு வருடமும் அந்தக் கடையில் என் கணவர் உட்கார்ந்து டீ மட்டும்தான் குடித்திருக்கிறார். பாய் ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தார். ஆப்பிள், ஆரஞ்சு எதுவும் கொண்டு வரவில்லை. 'உப்புக் கப்பல்' முதல் பாகத்தைக் கட்டிலில் வைத்து, "மாதையா, இதுவும் லோடு வண்டிதான், படிக்கச் சொல்லிக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என் அவசரம் தங்களுக்குப் புரியாது. உப்பே இல்லாத ஒரு கிரகத்துக்கு ஒரு கப்பல் நிறைய உப்பு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேர நாற்பது வருடம். கப்பலை ஓட்டுகிறவள் நிறைமதி என்ற பெண். இரண்டாம் பாகத்தின் முடிவில், பாறைகள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வளையத்தின் முன்னால் கப்பல் நிற்கிறது. உப்பைக் கொட்டிவிட்டால் கனம் குறைந்து உயிரோடு கடந்துவிடலாம். கொட்டாவிட்டால் சந்தேகம். அத்தோடு பாகம் முடிகிறது.

4. இந்தப் புத்தகத்தால் என்ன நடந்தது என்பதைத் தங்கள் கோப்பில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிசியோதெரபி செய்ய வரும் தனுஷ் என்ற தம்பி ஏழு மாதம் கெஞ்சியும் கையைத் தூக்காதவர் என் கணவர். கப்பலில் எடையே இல்லாததால் உடம்பு வீணாகாமல் இருக்க எல்லோரும் பட்டையால் கட்டிக்கொண்டு தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்கிறார்கள் என்று முதல் பாகம் ஆறாம் அத்தியாயத்தில் வந்தது. மறுநாள் காலை, "ஏ புள்ள, அந்தக் கயித்த உத்தரத்துல கட்டு" என்றார். இப்போது அந்தக் கயிற்றைப் பிடித்து அவரே எழுந்து சக்கர நாற்காலிக்கு மாறுகிறார். கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, சாயங்காலம் முதலில் தெரிகிற வெள்ளியைக் காட்டி எனக்குப் பாதை சொல்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர் இவர்தானா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

5. பள்ளியில் சமையல் முடிந்து இரண்டரை மணிக்கு வீடு வருவேன். மூன்று மணியிலிருந்து நான்கு வரை படிப்பேன். அவர் ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மல்லாந்து படுத்துக்கொண்டு அவ்வளவு கனமான புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் நோயாளியும் இல்லை, சமையல்காரியும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அரசாங்கக் காகிதத்தில் எழுத வேண்டி வந்துவிட்டது.

6. இனி நடந்த தவறு. இதில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாய் கடையை மூடிவிட்டு, சேலத்தில் இருக்கும் மகள் சாதியா வீட்டுக்குப் போகும்போது, 'உப்புக் கப்பல்' மூன்று பாகமும் சேர்த்து 212 புத்தகங்களையும் நம் நூலகத்துக்குக் கொடுத்தார். சத்துணவுப் பதிவேடு எழுதிப் பழகிய தெளிவான கையெழுத்து என்னுடையது என்பதால் பட்டியலை என்னை எழுதச் சொன்னார். "கதைன்னு எழுதுனா ஒரு மூலையில போட்டுருவாங்கம்மா, மரியாதையா எழுது" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கப்பல், கிரகம், இயந்திர மனிதன் வந்தவற்றை எல்லாம் 'அறிவியல்' என்று எழுதினேன். ராஜா, மந்திரவாதி வந்தவற்றை 'வரலாறு' என்று எழுதினேன். மலை அளவு பறவை ஒன்று இட்ட முட்டையைப் பற்றிய புத்தகத்தை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் 'கால்நடை வளர்ப்பு' என்று எழுதிவிட்டேன். நூலகத்திலும் அப்படியே பதிந்து அடுக்கிவிட்டார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் ஒருவர் நம் ஊரில் இருக்கும் தன் மாமனார் வீட்டுக்கு வந்தபோது அந்த முட்டைப் புத்தகத்தை எடுத்துப் போனார். மூன்றாம் நாள் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம். "ஏனுங்க, குஞ்சு பொரிஞ்சதுக்கப்பறம் என்னாச்சுங்க? அடுத்த புஸ்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

7. 14.07.2025 அன்று, பழைய தகவல் உள்ள புத்தகங்களை நீக்குவதற்காக ஆய்வுக் குழு ஒன்று வந்தது. அறிவியல் நூலை அறிவியல் நூலாகவும் வரலாற்று நூலை வரலாற்று நூலாகவும் பார்த்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், பட்டியலில் அப்படித்தான் இருந்தது. சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளை நூலகர் தனப்பிரியா எனக்குக் காட்டினார். வரிசை எண் 61: "2015இல் செவ்வாயில் நகரம் அமையவில்லை. தகவல் பிழை." எண் 88: "மூன்று கண் குதிரை விலங்கியலில் இல்லை." எண் 133: "இப்படி ஒரு மன்னர் ஆண்டதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை." எண் 140, 'உப்புக் கப்பல்' மூன்றாம் பாகம்: "தூரக் கணக்கு தவறு." ஐயா, அம்மா, எனக்கு இதில் ஒரு மறுப்பும் இல்லை. செவ்வாயில் நகரம் இல்லைதான். குதிரைக்கு இரண்டு கண்தான். அதே அலமாரியில் 2011ஆம் வருடத்துப் போட்டித் தேர்வு வழிகாட்டி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

8. நூலகத்திலிருந்து எடுத்து வந்து என்னிடம் இருந்த முதல் இரண்டு பாகம் மட்டும் தப்பின. திருப்பித் தர வேண்டிய நாள் தாண்டி மாதக்கணக்காகிறது. தருவதாகவும் இல்லை. மற்ற எல்லாம் பின்னறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், பதினொரு மூட்டையாகக் கிடக்கின்றன. அறைக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். தனப்பிரியா நல்ல பெண். "அக்கா, எந்த மூட்டைல இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியுமுங்க. கதவத் திறக்கத்தா கையெழுத்து இல்லீங்க" என்கிறார். பாவம், அவரையும் எத்தனை முறை கேட்பது?

9. ஆய்வுக் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் அறிவழகன் ஐயாவை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். உட்கார வைத்து, மோர் கொடுத்து, அன்பாகத்தான் கேட்டார்: "ஏம்மா, இல்லாத ஊருக்குப் போற கதையப் படிச்சு என்னத்தக் கண்டீங்க?" மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் பதில் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். இருக்கிற ஊருக்கெல்லாம் என் கணவர் போய் வந்துவிட்டார் ஐயா. இனிமேல் அந்த ஊர்கள் அவருக்கு இல்லை. அந்தப் பெயர்களைக் கேட்டால் அவருக்கு வலிக்கிறது. யாருமே காலால் நடந்து போக முடியாத ஊர் என்றால், அங்கே போவதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உண்மையை மட்டும் எழுதிய புத்தகம் எதிலும் இந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

10. கப்பல் அந்த வளையத்தின் முன்னால் நின்று இன்றோடு 84 நாள் ஆகிறது. தினமும் மூன்று மணிக்கு, "கப்பல் எங்க வந்துச்சு?" என்று கேட்பார். ஒரு வாரம் சாக்குச் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்றைக்கே மூன்றாம் பாகம் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லி, இரண்டாம் பாகத்தையே கையில் விரித்து வைத்துக்கொண்டு, நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் வரும். என் கப்பலில் காலையில் பருப்பு ஊறப் போடுகிறார்கள். நிறைமதி முட்டை எண்ணுகிறாள். வளையத்துக்குப் பக்கத்தில் கப்பலைக் கொண்டுபோவேன், பயம் வந்துவிடும், ஏதாவது ஒரு கிரகத்தைச் சுற்றித் திருப்பிக் கொண்டு வந்துவிடுவேன். மூன்று முறை அப்படித் திருப்பிவிட்டேன். உப்பைக் கொட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொட்டாமல் கடக்க வைக்கவும் தெரியவில்லை.

11. சென்ற வியாழக்கிழமை காந்தி ஜெயந்தி விடுமுறை. மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். எனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் அவரோடு இருந்தார். உள்ளே என் கணவர் அவரிடம் பேசுவது கேட்டதால் வாசலிலேயே நின்றுவிட்டேன். "இப்ப வாரது வேற ஆளு ஓட்டற வண்டிங்க. கியர் போடறதுலயே தெரியுது. உண்ணாமலைகிட்டச் சொல்லீராதீங்க. அவளும் எத்தன நாளைக்குத்தா சமையக்கட்டையே பாப்பா. ஓட்டட்டும்" என்றார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போய், மூன்று மணிக்கு வழக்கம்போல் படித்தேன்.

12. நூலக உறுப்பினர் அட்டை என் கணவர் பெயரில் இருப்பதால் அவருடைய கையொப்பமும் வேண்டும் என்று என் இரண்டாவது மனு திருப்பப்பட்டது. அவரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார், லாரித் தொழிலில் வந்த பழக்கம். ஆகவே இந்த மனுவை அவருக்கு நான் முழுவதும் படித்துக் காட்டியாக வேண்டும். பத்தாவது பத்தியும் பதினொன்றாவது பத்தியும் உட்பட. தங்கள் அலுவலகத்து விதி ஒன்றினால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் காப்பாற்றி வந்த ரகசியம் இன்று உடையப் போகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

13. என் கோரிக்கை இதுதான். பட்டியலில் 'அறிவியல்', 'வரலாறு', 'கால்நடை வளர்ப்பு' என்று நான் எழுதியது தவறு. அவற்றை அடித்துவிட்டு 212 புத்தகங்களுக்கும் 'கதை' என்று மாற்றி எழுதிக்கொள்ளவும். வந்து எழுதித் தர நான் தயார். கதையில் தகவல் பிழை என்று எந்தக் குழுவும் நீக்க முடியாது. 15ஆம் தேதிக்குள் அறையைத் திறக்க ஒரு கையொப்பம் இட்டால் போதும். அதற்கும் வழியில்லை என்றால், தனப்பிரியா மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்து, உப்பு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று போனில் சொல்ல அனுமதி தாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம், நேரே அவரிடமே சொல்லட்டும். எனக்கு இனி நான்காவது மனு எழுதத் தெம்பு இல்லை.

இடம்: வெள்ளரிக்காட்டூர்
நாள்: 06.10.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மா. உண்ணாமலை

இணைப்பு: உறுப்பினர் அட்டை நகல், முந்தைய மனுக்களின் நகல்கள், நன்கொடைப் பட்டியல் நகல்.

உறுப்பினர் கையொப்பமும் குறிப்பும்:
மேலே உள்ளது பூராவும் என் சம்சாரம் படிக்கக் கேட்டேன். எல்லாம் நிஜம். புஸ்தகத்தைக் குடுங்க. ஆனா அது வந்தாலும், இவ ஓட்டற கப்பலையும் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சொல்லீட்டேன். லோடு எறக்கீட்டுத்தா திரும்பணும்.
(ஒப்பம்) மாதையன்