பதினேழாம் எண், காலி

5 மார்ச் 2024

ஆற்றோரக் கடைவீடுகளின் கணக்கெடுப்பு ஒருவழியாக முடிந்தது. பழைய டவுனையும் ஆற்றங்கரையையும் எங்கள் நகராண்மைக் கழகம் புதுப்பிக்கப் போகிறதாம். அதற்காக வாசல் வாசலாக நின்று, உள்ளே என்ன தொழில் நடக்கிறது என்று பாரத்தில் எழுத வேண்டும். கால் இரண்டும் வீங்கிவிட்டன.

பதினேழாம் எண் அண்ணனுடைய மசாலா மில். உள்ளே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சுகுமாரன் அண்ணன் மெசினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"ஈஸு, கோசோங்னு போட்டுடு லா. லைசென்ஸ் இன்னும் ரினியூ பண்ணல. தெரிஞ்சா சீல் வெச்சிருவானுங்க."

கூடப்பிறந்தவர் கேட்கிறார். காலி என்று எழுதினேன்.

7 மார்ச்

அண்ணன் அரைக் கிலோ மீன் மசாலா கொடுத்தனுப்பினார். லஞ்சமா என்று போனில் கேட்டுச் சிரித்தேன்.

2 ஏப்ரல்

லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டாராம். சின்ன அபராதம்தான். இதற்கா அப்படிப் பயந்தார்?

18 செப்டம்பர்

புதிய விதிகள் வந்துவிட்டன. கணக்கெடுப்பு நாளில் நடந்த தொழில் அப்படியே தொடரலாம். காலி என்று பதிவான கட்டடங்களில் இனி காப்பிக்கடை, தங்கும் விடுதி, ஓவியக்கூடம் — அவ்வளவுதான். அரவை மில்லுக்கு இடமில்லை.

மூன்று முறை படித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கை நானே என் கையால் பிடித்து வைத்திருக்கிறேன்.

20 செப்டம்பர்

அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மெசினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஆட்சேபம் எழுதிப் போடறேன். நீ வாயத் தொறக்காத. பொய்யா எழுதினேன்னு சொன்னா உன் வேல போயிடும். மச்சானும் வேல இல்லாம வீட்டுல இருக்காரு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சீ.

14 நவம்பர்

ஆட்சேப விசாரணை. குறிப்பெடுக்க என்னையே உட்கார வைத்தார்கள். எதிரே அண்ணன், தீபாவளிச் சட்டையில். மில் ஒருநாளும் நின்றதில்லை என்று மலாயில் சொன்னார்.

பாரத்தில் பெயர் கிடையாது, குழு எண் மட்டும்தான். "எழுதியவர் வந்து தவறு என்று சொன்னால் திருத்திவிடலாம். யார் அவர்?" என்று தலைவர் கேட்டார்.

"யாரோ ஒரு பெண். முகம் ஞாபகம் இல்லை" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதையும் குறிப்பில் எழுதினேன். ஒரு சொல் விடாமல்.

ஏன்டி எந்திரிக்கல? ஒரு வார்த்த — நான்தான் எழுதினேன்னு ஒரே ஒரு வார்த்த. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?

9 டிசம்பர்

நிராகரித்துவிட்டார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

26 ஆகஸ்ட் 2025

மறுகணக்கெடுப்பு. அந்த வரிசையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் இப்போது மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டியா ஈஸு?" என்று மட்டும் கேட்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

பதினேழாம் எண்ணின் இரும்புக் கதவில் பூட்டு. கிட்டே போனதும் மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாரத்தில் காலி என்று எழுதினேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.