பின்கேட்டும் ஏலக்காய் மாலையும்

பேட்டைத் தெரு,
தேனி,
9-9-1979

அன்பு மகள் பாக்கியசீலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழும்போதும் படுக்கும்போதும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கால் வீக்கம் வற்றிவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உப்பைக் குறைத்துக்கொள், ஊறுகாய்ப் பக்கம் போகாதே, உட்காரும்போது காலைப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொள். ஏழாம் மாதத்திலேயே ரயில் ஏறட்டுமா, எட்டு பிறந்து ஏறட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை எழுதினால் நீ தப்பாக நினைத்துக்கொள்வாய். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற தர்ம ஆஸ்பத்திரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சித்திரை மாதத்தில் முன்வாசலில் கண்ணாடி போட்ட பெட்டியில் பிளான் மாட்டி வைத்தார்கள். மூன்று மாடி, லிப்ட், பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்குத் தனித்தனி அறை, ரோட்டைப் பார்த்து வரிசையாகக் கடைகள். ஊர் வளர்ந்தால் ஆஸ்பத்திரியும் வளரத்தானே வேண்டும் என்று நாங்களும் முதலில் சந்தோஷப்பட்டோம். பிறகு பக்கத்து வீட்டு மெஹராஜின் மகன் நின்று நிதானமாகப் படித்துப் பார்த்து வந்து சொன்னான், பிரசவ வார்டும், கூட வருகிறவர்கள் சோறாக்குகிற சமையல் கொட்டகையும் பிளானில் இல்லை, நம் தெருப் பக்கத்துப் பின்கேட்டு இருக்கிற இடத்தில் நேராகச் சுவர் கோடு போட்டிருக்கிறது என்று. பிரசவ வார்டை ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்று மைல் தள்ளி வாங்கிப் போட்டிருக்கிற காட்டில் புதிதாகக் கட்டுவார்களாம், அதற்கு இரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் பிள்ளை பெறுகிறவர்கள் என்ன செய்வது என்று அப்பா போய்க் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், “அதுவரைக்கும் பெரியகுளம் போகச் சொல்லுங்க” என்றாராம். வயிற்றில் இருக்கிற பிள்ளை பஸ் டைம் பார்த்துத்தான் வரும் என்று நினைத்தார் போல.

அந்த வார்டு என்ன, அந்தப் பின்கேட்டு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருசநாட்டிலிருந்து வலியோடு வருகிற பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெரு வழியாகத்தான் உள்ளே போவார்கள். எந்த வீட்டு அடுப்பில் வெந்நீர் இருக்கிறதோ அந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போவோம், யார் எவர் என்று கேட்டதில்லை. பிள்ளை பிறந்ததும் தகப்பன்காரன் பின்கேட்டில் நின்று தெரு முழுக்கக் கற்கண்டு கொடுப்பான், நீயும் பாவாடையை ஏந்திக்கொண்டு முதல் ஆளாக ஓடுவாய். நீ பிறந்ததும் அந்த வார்டில்தான். உனக்கு முன்னால் உன் அண்ணன் ஒருவன் பிறந்தான், வார்டு கட்டாத காலம், பெரியகுளத்துக்கு மாட்டு வண்டியில் கொண்டு போகும்போது பாதி வழியில் பிறந்தான், அழவே இல்லை. அதை நான் உன்னிடம் விரித்துச் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன், ஏனென்றால் மூன்று மைல்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வண்டிச் சத்தம்தான் காதில் கேட்கிறது.

தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்து, மதுரையில் இருக்கிற கமிட்டித் தலைவருக்கு மனு அனுப்பினோம். அவரும் மரியாதையாகப் பதில் போட்டார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே நேரில் வந்து உங்கள் குறைகளைக் கேட்கிறேன் என்று. அதோடு நம் ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. அரிசிக்கடை ராஜமணி அண்ணன் கடையில் ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நினைக்கிறாய்? வார்டைப் பற்றி யார் எடுத்துச் சொல்வது என்று இல்லை. தலைமை யார், முன்னிலை யார், வரவேற்புரை யார், பொன்னாடை யார் கையால் போடுவது என்று. எதிர்ப்புச் சொல்லக் கூப்பிட்ட ஆளுக்குப் பொன்னாடை எதற்கு என்று நான் கேட்டேன். அதற்கு ராஜமணி அண்ணன், “என்ன மதினி இப்படிப் பேசுறீக, நம்ம தெருவைத் தேடி வர்றாக, மொட்டையாவா நிக்க வைக்கிறது, நாளைக்குத் தேனிக்காரவுகளுக்கு மட்டு மரியாதை தெரியலைன்னு மதுரை பூராவும் சொல்ல மாட்டாகளா” என்றார். உன் அப்பாவும் அதற்குத் தலையை ஆட்டினார். போடியில் சொல்லி ஏலக்காய் மாலை கட்டினார்கள், நல்ல பச்சை ஏலக்காய், நடுவில் ஜரிகை வைத்து. ஓடைப்பட்டியிலிருந்து ஒரு கூடை திராட்சை வந்தது. பந்தல், டியூப் லைட், மைக் செட், பேண்டு வாத்தியம், வளைவில் வருக வருக என்று எழுத்து. கல்யாண வீடு தோற்றது போ.

தலைவர் வந்தார். பேண்டு அடித்தார்கள். ஏலக்காய் மாலையை உன் அப்பாதான் போட்டார். வரவேற்புரை முடியவே நேரமாகிவிட்டது, தலைவரின் தகப்பனார் காலத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முன்னிலை வகித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் புகழ்ந்தார்கள். அப்புறம் தலைவர் எழுந்தார், மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இவ்வளவு உற்சாகத்தோடு எங்கள் திட்டத்தை வரவேற்கிற ஒரு தெருவை நான் எங்குமே பார்த்ததில்லை, உங்கள் ஆதரவு இருக்கும்போது நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம் என்றார். தொடங்கிவிடலாம் என்று குரலை உயர்த்தினாரோ இல்லையோ, எல்லோரும் கை தட்டினார்கள் பாக்கியம். மேடையில் ஒருவர் குரலை உயர்த்தினால் கை தட்டியே பழகிப்போன கை. பெண்கள் பக்கத்தில் நானும் மெஹராஜும் எழுந்து நின்றோம். ஐயா, பிரசவ வார்டு என்று நான் கத்தினேன். ராஜமணி அண்ணன் மேடையிலிருந்தே கையைக் காட்டி, “உக்காருங்க மதினி, கடைசியில பேசிக்கிடலாம்” என்றார். கடைசியில் நன்றியுரை, அதுவும் உன் அப்பா. சட்டைப்பையில் மனுவின் நகலை வைத்துக்கொண்டு மைக்குக்காரருக்கும் பந்தல்காரருக்கும் டீ போட்டவருக்கும் நன்றி சொன்னார். நன்றியுரையில் போய்க் குறை சொல்வது முறையில்லையாம். தலைவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, திராட்சைக் கூடையை மறக்காமல் காரில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் போட்டோவோடு செய்தி வந்தது, ஆஸ்பத்திரி விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் உற்சாக ஆதரவு என்று. உன் அப்பா மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அதை வெட்டிச் செயலாளர் தன் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். மறுபடி மனு கொண்டு போனவர்களிடம் அதைத்தான் கையால் காட்டினாராம். அன்றையிலிருந்து ஒரு வாரம் நான் உன் அப்பாவிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். “வர்ற மனுசரை மதிக்காம என்ன செய்யச் சொல்லுற கிருபா” என்று ஒருநாள் கேட்டார். பிறகு பேசத் தொடங்கினேன், ஆனால் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட மட்டும் மனம் வரவில்லை.

ஆகஸ்டு பிறந்ததும் வார்டைப் பூட்டிவிட்டார்கள். நம் முருகம்மாள் நர்ஸைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பிள்ளை பிடித்த கை இப்போது மாத்திரை எண்ணுகிறது. பின்கேட்டை அடைக்கச் செங்கல் வந்து இறங்கிய அன்றைக்கு மெஹராஜும் நானும் தெருப் பெண்களும் கேட்டை மறித்து உட்கார்ந்தோம். கொத்தனார்கள் நல்ல மாதிரி, வேலையை விட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். ஆனால் நம் ஆண்களே வந்து, பொம்பளைகள் ரோட்டில் உட்காருவது கேவலம் என்று எழுப்பினார்கள். மேடை போட்டு எதிரிக்கு மாலை போட்டது கேவலமில்லையாம். மறுநாள் நான் ஜெபக் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சுவரை எழுப்பிவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. மத்தியானம் வருசநாட்டுப் பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், மாமியாரோடு பின்கேட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் மாமியார் பெற்றதும் இங்கேதானாம். வந்து பார்த்தால் புதுச் சுவர். அந்தப் பெண் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற நிற்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. “ஆத்தா, வாசல் எங்கன ஆத்தா” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நம் திண்ணையில் உட்கார வைத்தேன். மெஹராஜின் வீட்டுக்காரர் ஷரீப் தம்பி ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தார், பெரியகுளத்துக்குக் கிளம்பினோம், நானும் கூட ஏறினேன். ரயில்வே கேட்டு போட்டிருந்தது. கேட்டில் நிற்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. என் மடியில்தான் பிறந்தது. கொஞ்ச நேரம் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அழுதது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வீட்டுக்கு வந்து சேலையை மூன்று தண்ணீரில் அலசிப் போட்டேன்.

அதனால் நீ வர வேண்டாம் பாக்கியம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைக்காத தாய் என்று உன் மாமியார் வீட்டில் பேசுவார்கள், பேசட்டும், காரணத்தை நான் அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அழைக்க ஆசை இல்லாமல் இல்லை, உனக்கென்று அறையை வெள்ளையடித்துத் தொட்டில் கயிறுகூட மாற்றி வைத்திருக்கிறேன். உன் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய், அங்கேயே பெற்றுக்கொள். நான் வருகிறேன். மதுரையைத் தாண்டாதவள் பம்பாய்க்கு எப்படி வருவாள் என்று சிரிக்காதே. இதை நான் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் நேற்று உன் அப்பா தானாகவே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் விசாரித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். மெட்ராஸ் வரைக்கும் அவர் கூட வந்து பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவார், அங்கே தாதர் ஸ்டேஷனில் மாப்பிள்ளை வந்து நின்றால் போதும். நம் கடைக்கும் இந்தச் சண்டைக்கும் ஆள் வேண்டும் என்று அவர் திரும்பிவிடுவார். இப்போது அவரும் ஷரீப் தம்பியும் தினமும் சாயங்காலம் செயலாளர் அறை வாசலில் போய் நிற்கிறார்கள், அந்தப் போட்டோவைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். டீ கொடுத்தால் குடிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சுக்கு, ஓமம், பிரசவ மருந்துப்பொடி எல்லாம் இடித்துக் கொண்டு வருகிறேன், அங்கே எதுவும் வாங்காதே. கனமான வாளி தூக்காதே, பால் குடி, பயப்படாதே. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பார், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். ஒன்றை மட்டும் மறக்காமல் பதிலில் எழுது. உங்கள் மாடியில் எத்தனை வீடு இருக்கிறது? பிள்ளை பிறந்ததும் நான் எந்த வாசலில் நின்று கொடுப்பது என்று தெரியவில்லை, ஆனால் கற்கண்டு குறையக் கூடாது.

உன்னிடம் வரப் பெட்டி அடுக்குகிற அம்மா,
கிருபாவதி ஞானசிகாமணி